புதிய கம்ப்யூட்டருக்குக் காத்திருக்கலாமா? – வணிகருக்கு ஒரு பாடம்



"அலை எப்போது ஓய்வது, தலை எப்போது முழுகுவது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் நம்மில் பலரின் நிலை இன்று அதுதான். "அடுத்த மாதம் புது பிராசசர் வருகிறதாம், பொறுத்து வாங்கலாம்" என்று படித்த பிள்ளைகள் சொல்கிறார்கள். பொறுப்பது சரியா, தவறா? இந்த இதழில் அதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

திருவண்ணாமலையில் வளர்ந்தவர் கதை

உலகம் அறிந்த உதாரணம் ஒன்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. செஞ்சிக்கு மேற்கே சுமார் 40 கிலோமீட்டரில் உள்ள திருவண்ணாமலையில், ரமண மகரிஷியின் அன்பரான ஆர்தர் ஆஸ்பர்ன் என்ற ஆங்கிலேயர் குடும்பத்துடன் வாழ்ந்தார். சிறு வயதை அங்கே கழித்த அவர் மகன் ஆடம் ஆஸ்பர்ன், பின்னாளில் அமெரிக்கா சென்று 1981-ல் 'ஆஸ்பர்ன் 1' என்ற கம்ப்யூட்டரை வெளியிட்டார். கையில் தூக்கிச் செல்லும் கம்ப்யூட்டர்களில் வியாபாரத்தில் முதன்முதலாக வெற்றி பெற்றது அதுதான். எடை சுமார் 11 கிலோ, திரை 5 அங்குலம், விலை 1,795 டாலர். நன்றாக ஓடிய காலத்தில் மாதம் 10,000 வரை விற்றது.

1983-ல் அடுத்த மாடலான 'எக்ஸிக்யூட்டிவ்' பற்றிய செய்தி, சரக்கு கடைக்கு வரும் முன்பே பரவிவிட்டது. "புதியது வரட்டும்" என்று வாங்குபவர்கள் நின்றார்கள். விற்பனையாளர்கள் கொடுத்த ஆர்டரை ரத்து செய்தார்கள். பழைய சரக்கு கிடங்கில் தேங்கியது, கையில் ரொக்கம் வற்றியது. அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனி திவால் மனு கொடுத்தது. அதே விலைக்குப் பெரிய திரையுடன் வந்த 'கேப்ரோ' போட்டியும், ஐ.பி.எம். வகைக் கம்ப்யூட்டர்களின் வரவும், உள்நிர்வாகக் குறைகளும் காரணங்களே என்று விவரம் அறிந்தவர்கள் சொல்கிறார்கள். ஆனாலும் புது மாடலைச் சொல்லிப் பழைய சரக்கைக் கொல்வதற்கு 'ஆஸ்பர்ன் விளைவு' என்ற பெயர் இன்றும் நிற்கிறது. ஆடம் ஆஸ்பர்ன் 2003-ல் கொடைக்கானலில் காலமானார்.

இதில் விற்பவருக்கு ஒரு பாடம்: அடுத்த வாரம் எண்ணெய் விலை இறங்கும் என்று நாமே சொன்னால், இந்த வார டின்னை யார் வாங்குவார்? வாங்குபவருக்கும் ஒரு பாடம் உண்டு. புதியதற்காக அன்று காத்திருந்தவர், அது கைக்கு வந்த சில மாதங்களிலேயே கம்பெனி இல்லாமல் நின்றார்.

எங்கள் கடையில் நடந்தது

தொண்டூரில் நாங்கள் பருப்பு, சர்க்கரை, எண்ணெய் மொத்த வியாபாரம் செய்கிறோம். எங்கள் பில் கம்ப்யூட்டர் பதினோரு வருடப் பழசு. 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. விகிதங்கள் மாறின. அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு ஆதரவும் முடிந்தது. மாற்ற வேண்டும் என்று எங்களுக்கும் தெரியும். ஆனால் தம்பி மகன், "பெரியப்பா, ஜனவரியில் இன்டெல் புது பிராசசர் வருகிறது, அதுவரை ஓட்டுங்கள்" என்றான். நாங்களும் தலையாட்டினோம்.

தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சீசன் கூட்டத்தில் சிட்டையில் எழுதினோம். யாருக்கு எத்தனை மூட்டை போனது என்பது கணக்குப்பிள்ளை நினைவில்தான் இருந்தது. பண்டிகை முடிந்து பேரேட்டில் ஏற்றியபோது ரூ.11,400 யார் பாக்கி என்றே தெரியவில்லை. இருபது வருட வாடிக்கையாளர் ஒருவர், "நான் வாங்காத சரக்கை என் கணக்கில் எழுதுகிறீர்களா?" என்று கேட்டுவிட்டார். பணம் போனதைவிட அந்தச் சொல்தான் எங்களுக்கு உறைத்தது.

நவம்பரில் கடையில் இருந்த மாடலையே வாங்கினோம். ஜனவரியில் சொன்னபடி புது பிராசசர் வந்தது. ஆனால் ஏ.ஐ. மையங்களின் தேவையால் 2025 இறுதியில் நினைவகச் சில்லுகளின் விலை ஏறிவிட்டது. காத்திருந்தால் விலை இறங்கும் என்பது எப்போதும் நடப்பதில்லை. தம்பி மகன் மீது தவறு சொல்ல மாட்டோம். அவன் பார்த்தது கம்ப்யூட்டரை. எங்கள் கடையின் அவசரத்தை நாங்கள்தான் பார்த்திருக்க வேண்டும்.

வணிகர் கணக்கு

புதியது வருவதால் பழைய மாடலில் பத்து சதவீதம் விலை குறையும் என்றே வைத்துக்கொள்வோம். ரூ.45,000 லேப்டாப்பில் மிச்சம் ரூ.4,500. இப்போதுள்ள கம்ப்யூட்டர் திணறுவதால் ரூ.600 சம்பளக் கணக்குப்பிள்ளைக்கு எட்டு மணியில் இரண்டு மணி நேரம் வீண் என்றால், நாளுக்கு ரூ.150 நஷ்டம். முப்பது நாளில் ரூ.4,500 போய்விடும். ஒரு மாதத்துக்கு மேல் காத்திருந்தால் நஷ்டம்தான். இதில் உங்கள் கடையின் தொகைகளைப் போட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி. கணக்குத் தாமதமானால் வரும் நாள் ஒன்றுக்கு ரூ.50 அபராதத்தையும் வட்டியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது பொறுக்கலாம்?

1. இருக்கும் கம்ப்யூட்டர் திணறாமல் ஓடி, பாதுகாப்பு ஆதரவும் உள்ளபோது.

2. புதியது வரும் தேதி உறுதியாகி, சில வாரமே மீதி உள்ளபோது. அப்போதும் புதியதை வாங்குவதைவிட, இருப்பைத் தள்ள விலை குறைக்கும் முந்தைய மாடலை வாங்குவதே நமக்கு லாபம்.

3. வீடியோ, டிசைன் போன்ற கனமான வேலை இருக்கும்போது. பில் போடவும் கணக்கு எழுதவும் ஜி.எஸ்.டி. தாக்கல் செய்யவும் புதுப் பிராசசர் தேவையே இல்லை.

புதிதாக வந்ததை முதல் வாரமே வாங்குவதும் புத்திசாலித்தனம் ஆகாது. 1993-ல் வந்த பென்டியம் பிராசசரில் வகுத்தல் கணக்கில் பிழை இருப்பது 1994-ல்தான் வெளியே வந்தது. இன்டெல் அதை மாற்றிக் கொடுக்க வேண்டி வந்தது.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

நினைவகம் 8 ஜி.பி.க்குக் குறையக் கூடாது, 16 இருந்தால் நல்லது. மெல்லிய லேப்டாப்கள் பலவற்றில் பின்னால் கூட்ட முடியாது. பழைய சுழலும் ஹார்ட் டிஸ்க் வேண்டாம், எஸ்.எஸ்.டி. கேளுங்கள். கணக்கு வேலையில் வேகம் தெரிவது இந்த இரண்டில்தான். பழைய லேப்டாப் வாங்குவோர் அது விண்டோஸ் 11 ஏற்குமா என்று பாருங்கள். இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறைக்கு முந்தியவை அந்தப் பட்டியலில் இல்லை. சர்வீஸ் விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உண்டா என்று கேட்டுவிட்டு முன்பணம் கொடுங்கள். நம் ஜி.எஸ்.டி. எண்ணுடன் பில் வாங்குங்கள். கடை உபயோகத்துக்கு வாங்கியதற்கு, வழக்கமான முறையில் வரி கட்டுவோர் அந்த 18 சதவீதத்தை உள்ளீட்டு வரியாக எடுக்கலாம். இணக்க வரித் திட்டத்தில் இருப்பவர்களுக்கு அது கிடையாது. எதை வாங்கினாலும் தினமும் கடை மூடும்முன் கணக்கை வேறொரு டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். எங்களிடம் அந்தப் பிரதி இருந்திருந்தால், பழைய பாக்கியாவது அன்றே தெரிந்திருக்கும்.

தராசு பழுதானால் புது மாதிரித் தராசு வரட்டும் என்று யாரும் கடையை மூடி வைப்பதில்லை. கம்ப்யூட்டரும் நமக்குத் தராசு மாதிரிதான். தேவை வந்தபோது, நம் வேலைக்குப் போதுமானதை, விசாரித்து வாங்குங்கள். வாங்கிய பிறகு அடுத்த மாடலின் விளம்பரத்தைப் பார்த்து வருந்தாதீர்கள்.