உழைப்பவரே உரிமையாளர்

இங்கிலாந்தின் யார்க்ஷயர் பகுதியில், மலைகளுக்கிடையே ஹெப்டன் பிரிட்ஜ் என்னும் சிற்றூர் உண்டு. முன்னாளில் அங்கு 'பஸ்டியன்' எனும் தடித்த பருத்தித் துணியை நீண்ட கத்தியால் இழையறுத்து, வெல்வெட்டைப்போல் மென்மையாக்குவது பலருக்குப் பிழைப்பு. 1870-இல் அத்தொழிலாளர் சிலர் வாரந்தோறும் மூன்று பென்ஸ் செலுத்திக் கூட்டுறவுச் சங்கம் கண்டனர். இழையறுக்கும் தொழிலாளியான ஜோசப் கிரீன்வுட் அதன் நிர்வாகியானார். சில ஆண்டுகளில் நட்கிளஃப் ஆலையும் சங்கத்தின் வசமாயிற்று.

கணக்கேடு பார்த்துப் பழகிய நமக்கு அவர்களுடைய லாபப் பங்கீடே பெருவியப்பு. முதலிட்டோருக்கு மட்டுமன்று; துணி வாங்குவோருக்கும் உழைப்போருக்கும் பங்குண்டு! கல்விக்கும் பணம் ஒதுக்கினர். பல்கலைக்கழக விரிவுரைகள் அச்சிற்றூருக்கே வந்தன.

1918-இல் ஆலை, கூட்டுறவு மொத்த விற்பனைச் சங்கத்துக்கு விற்கப்பட்டது. வாங்கியதும் கூட்டுறவு நிறுவனமே. ஆயினும் பங்காளிகளாயிருந்த தொழிலாளர் அன்று முதல் கூலி பெறுவோராயினர்.