மிளகுதக்காளியா, ஊமத்தையா? நாற்றிலேயே பாருங்க

பாளையங்கோட்டையோ அம்பாசமுத்திரமோ, ஐப்பசியில ரெண்டு மழை விழுந்தா போதும், தொட்டியில நாம விதைக்காததும் சேர்ந்து முளைக்கும். குளத்து வண்டலோடும் சாண எருவோடும் களை விதையும் வந்துவிடும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் வீட்டுக்குள் வரை சேறு பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். ஆறு மண்ணை மட்டும் கொண்டு வருவதில்லை.

முளைத்ததில் பெரும்பாலானதைப் பிடுங்கிப் போட்டுவிடலாம். ஆனா கத்தரி, தக்காளி, மிளகாய், மிளகுதக்காளி (மற்ற ஊர்க்காரர்களுக்கு மணத்தக்காளி), ஊமத்தை ஐந்தும் ஒரே தாவரக் குடும்பம். சின்ன வயசில் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும். தானா முளைத்ததைக் கீரைன்னு நினைச்சுப் பறித்தால், சட்டிக்குள் விஷம் போகவும் வாய்ப்பு உண்டு.

முதலில் வரும் இரண்டு இலை விதையிலை. அதை வைத்து முடிவு கட்டாதீங்க. மூன்றாவது, நான்காவது இலை வரட்டும். தக்காளி அப்போதே காட்டிக்கொடுத்துவிடும்: இலை வெட்டுப்பட்டிருக்கும், தண்டில் பூனைமயிர், கசக்கினால் அந்த வாசனை. மிளகாய் இலை வழவழப்பாக, பளபளப்பாக, நுனி கூர்ந்து இருக்கும்.

குழப்பம் மற்ற மூன்றில்தான். கத்தரி இலையின் அடிப்பக்கத்தைத் தடவிப் பாருங்க, வெல்வெட் துணி மாதிரி இருக்கும். தண்டு ஊதாவாக இருந்தால் கத்தரிதான்னு சொல்லிவிட முடியாது, கருஊமத்தைக்கும் ஊதாத் தண்டு உண்டு. ஊமத்தையின் விதையிலை மற்றவற்றைவிட நீளமாகவும் ஒடுங்கியும் இருக்கும். வளர்ந்த இலையில், காம்பு சேரும் இடத்தில் ஒரு பக்கம் மேலே, ஒரு பக்கம் கீழே என்று கோணலாக இருப்பதைப் பார்க்கலாம். கசக்கினால் குமட்டுற வாடை. முகர்ந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவுங்க. அந்தக் கையால் கண்ணைத் தேய்த்தால் கண்மணி விரிந்து பார்வை மங்கிவிடும்.

மிளகுதக்காளி இலை மெல்லிசு, பெரிதாக வளராது. ஊமத்தை இலையோ சீக்கிரமே உள்ளங்கை அளவுக்கு வந்துவிடும். அப்பவும் சந்தேகமா? பூக்கும் வரை விட்டுவிடுங்க. மிளகுதக்காளிக்குக் குட்டி வெள்ளை நட்சத்திரப் பூ, கொத்தாக வரும். பிறகு மணி மாதிரி காய். ஊமத்தைக்கு நீளமான புனல் பூ, முள் காய். தானா முளைத்த செடியைப் பூ பார்க்காமல் சமையலுக்கு எடுக்காதீங்க. ருசி பார்த்தும் சோதிக்காதீங்க.

கூகுள் லென்ஸில் காட்டலாமே என்று கேட்பீங்க. காட்டுங்க. ஆனா நாற்றுப் பருவத்தில் அது இன்றைக்கு ஒரு பேர், நாளைக்கு ஒரு பேர் சொல்லும். இலையின் முன்பக்கம், பின்பக்கம், தண்டு என்று மூன்று படம் எடுத்துவைத்துக்கொண்டு, விஷயம் தெரிந்தவரிடம் காட்டுவது மேல். கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரி பக்கத்திலேயே இருக்கிறது. வட்டாரத் தோட்டக்கலை அலுவலரையும் கேட்கலாம். 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே வேளாண் சந்தேகம் கேட்கலாம்.

யாராவது தவறிச் சாப்பிட்டுவிட்டால்: வாய் காய்ந்து, முகம் சிவந்து, கண்மணி விரிந்து, சம்பந்தமில்லாமல் பேசத் தொடங்குவார்கள். நாடி வேகமாகும். போதை தெளியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்க. வாந்தி எடுக்க வைக்கவோ, மோர் கொடுத்துப் பார்க்கவோ வேண்டாம். கிளம்பும்போது மிச்சமிருக்கும் கீரையையோ அந்தச் செடியின் ஒரு கிளையையோ ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்க. டாக்டருக்கு அது உதவும்.