விருந்தினருக்கு இடமுண்டா?

உரைநடைப் பாடம் – அறிவியல் தமிழ்

கற்றல் நோக்கம்: மெய்நிகர் கணினி இயங்குவதற்கு ஒரு கணினி ஏற்றதா என்பதைப் படிப்படியாகச் சோதித்தறிதல், கண்டவற்றைப் பிழையற்ற தமிழில் எழுதுதல்.

நுழையுமுன்

'ஆழம் அறியாமல் காலை விடாதே' என்பது பழமொழி. கரமனையாற்றின் கரையில் வாழும் மாணவர்களுக்கு இதன் பொருள் எளிதில் விளங்கும். ஆற்றில் இறங்குமுன் ஆழம் அறிவதுபோல, கணினியில் புதியதொரு பணியைத் தொடங்குமுன் அதன் நிலையை அறிதல் நன்று.

மெய்நிகர் கணினி என்பது யாது?

ஒரு கணினிக்குள் மென்பொருளின் துணையால் அமைக்கப்பெறும் மற்றொரு கணினியே மெய்நிகர் கணினி. பெரிய வீடொன்றில் உரிமையாளரும் ஒண்டுக்குடித்தனக்காரரும் வாழ்வதை எண்ணிப் பாருங்கள். கூரை ஒன்று, கிணறு ஒன்று, ஆயினும் சமையல் வேறு, கதவு வேறு. அவ்வாறே செயலியும் நினைவகமும் பொதுவாக இருக்க, இரண்டு இயங்குதளங்கள் ஒன்றையொன்று இடையூறு செய்யாமல் இயங்குகின்றன. இடமளிக்கும் கணினியை ஓம்பும் கணினி என்றும், உள்ளே இயங்குவதை விருந்தினர் கணினி என்றும் கூறலாம்.

இக்கருத்து புதியதன்று. ஐபிஎம் நிறுவனம் 1972ஆம் ஆண்டிலேயே தன் பெருங்கணினிகளுக்கு இவ்வசதியை அறிவித்தது. நாம் வீட்டில் பயன்படுத்தும் கணினிகளின் செயலிகளில் இதற்கெனத் தனித்திறனை இன்டெல் 2005ஆம் ஆண்டிலும், ஏஎம்டி 2006ஆம் ஆண்டிலும் சேர்த்தன.

நமக்கு எதற்கு?

கரமனைக்கு அருகிலுள்ள பூஜப்புரையில் 'கைட்' என்னும் கேரள அரசு நிறுவனம் இயங்குகின்றது. 2001இல் 'ஐடி அட் ஸ்கூல்' திட்டமாகத் தோன்றி, 2017இல் நிறுவனமாக வளர்ந்த இது, பள்ளிகளுக்கெனக் கட்டற்ற மென்பொருளாலான லினக்ஸ் இயங்குதளத்தை வழங்குகின்றது. அஃது உபுண்டுவை அடிப்படையாகக் கொண்டது.

தம்பி மாநில அரசுப் பள்ளியிலும் அக்கா மத்தியப் பள்ளியிலும் பயிலும் ஒரு வீட்டைக் கருதுவோம். வீட்டிலிருப்பது விண்டோஸ் உள்ள ஒரே பழைய கணினி. தம்பிக்குப் பள்ளியிலுள்ள லினக்ஸ் வேண்டும். விண்டோஸை அழித்தால் அக்காவின் கோப்புகளும் போகும். விருந்தினர் கணினி இருவருக்கும் வழிசெய்யும். ஆனால், நிறுவ முயன்றவுடன் பிழைச்செய்தி தோன்றினால், "இது பழையது, புதியது வாங்க வேண்டும்" என்று பெற்றோர் முடிவுசெய்துவிடக்கூடும். பெரும்பொருள் செலவாகுமுன் பின்வரும் நான்கு சோதனைகளைச் செய்தல் வேண்டும்.

சோதனை 1: செயலிக்குத் திறன் உண்டா?

லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' என்னும் கட்டளை செயலியின் விவரங்களைக் காட்டும். அவற்றுள் 'விஎம்எக்ஸ்' என்றிருந்தால் இன்டெலின் திறனும், 'எஸ்விஎம்' என்றிருந்தால் ஏஎம்டியின் திறனும் உண்டு என்பது பொருள். விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, 'பெர்ஃபார்மன்ஸ்' பகுதியில் 'சிபியு' என்பதைச் சொடுக்கினால், 'விர்ச்சுவலைசேஷன்' என்னும் சொல்லுக்கு எதிரே 'எனேபிள்ட்' அல்லது 'டிஸேபிள்ட்' என்றிருக்கும்.

சோதனை 2: பூட்டு திறந்துள்ளதா?

'டிஸேபிள்ட்' என்று கண்டவுடன் மனந்தளர வேண்டா. திறன் இன்மை வேறு. திறன் பூட்டப்பட்டிருத்தல் வேறு. கணினி தொடங்கும்போது முதலில் விழிப்பது பயாஸ் என்னும் அடிப்படை மென்பொருள். கணினி அங்கேயே இத்திறனை முடக்கிய நிலையில் விற்கப்பட்டிருக்கலாம். கணினியை மறுபடி தொடங்கி, நிறுவனத்திற்கேற்ப எஃப்2, எஃப்10, டெலீட் ஆகியவற்றுள் உரிய விசையை அழுத்தினால் பயாஸ் திறக்கும். அங்கே 'இன்டெல் விர்ச்சுவலைசேஷன் டெக்னாலஜி' அல்லது 'எஸ்விஎம் மோட்' என்னும் வரியைத் தேடி, 'எனேபிள்ட்' ஆக்கிச் சேமித்து வெளியேற வேண்டும். பிற வரிகள் எதையும் மாற்றலாகாது. பெரியவர் ஒருவர் அருகிலிருக்கச் செய்வதே முறை.

சோதனை 3: இயங்குதளம் ஆயத்தமா?

லினக்ஸின் கருவகத்தில் 'கேவிஎம்' என்னும் பகுதி 2007 முதல் இடம்பெற்றுள்ளது. உபுண்டுவில் 'கேவிஎம்-ஓகே' என்னும் கட்டளை, அதனைப் பயன்படுத்த இயலுமா, பயாஸ் தடுத்துள்ளதா என்பதை ஓரிரு வரிகளில் தெரிவித்துவிடும். சில கணினிகளில் முதற்சோதனை 'உண்டு' என்று காட்டியபின்னும் இக்கட்டளை 'இயலாது' என்று கூறும். பயாஸில் பூட்டு திறக்கப்படாமையே அதன் காரணம். ஆகவே, ஒரு சோதனையோடு நிறுத்திக்கொள்ளலாகாது. விண்டோஸில் விர்ச்சுவல்பாக்ஸ் போன்ற மென்பொருளை நிறுவ வேண்டும். அதன் 6.1ஆம் பதிப்பு முதல் செயலியின் இத்திறன் கட்டாயமாகும்.

சோதனை 4: இடம் போதுமா?

மனமிருந்தாலும் இடமின்றி விருந்தினரைத் தங்கவைக்க இயலாது. உபுண்டு 22.04 மேசைப் பதிப்புக்கு 4 ஜிபி நினைவகமும் 25 ஜிபி வட்டிடமும் பரிந்துரைக்கப்படுகின்றன. வீட்டுக் கணினியில் 8 ஜிபி இருந்தால் பாதியை விருந்தினருக்குக் கொடுக்கலாம். மொத்தமே 4 ஜிபி எனில், விருந்தினருக்கு அளித்தபின் உரிமையாளர் பட்டினி கிடப்பார். இரண்டு இயங்குதளங்களும் தள்ளாடும். அந்நிலையிலும் முழுக் கணினியையும் மாற்றுவதற்குமுன், நினைவகத்தை மட்டும் கூட்ட இயலுமா என்று கேட்டறிதல் வேண்டும்.

தொகுத்துரை

திறன், திறப்பு, துணை, இடம் என்னும் நான்கும் ஒருங்கே அமைந்தால்தான் விருந்தினர் கணினி நன்கு இயங்கும். ஒன்று குறைந்தால், குறைந்தது எது என்று கண்டறிந்து அதனை மட்டும் சீர்செய்தல் அறிவுடைமை. காரணம் அறியாமல் ஒரு பொருளைப் பயனற்றதென ஒதுக்கலாகாது.

சொற்பொருள்

மெய்நிகர் – மெய்யை ஒத்த
ஓம்பும் – பேணும்
கருவகம் – இயங்குதளத்தின் மையப்பகுதி
ஆயத்தம் – முன்னேற்பாடு

பயிற்சிகள்

அ. விடை எழுதுக.
1. 'திறன் இன்மை வேறு. திறன் பூட்டப்பட்டிருத்தல் வேறு' – விளக்குக.
2. முதற்சோதனை மட்டும் போதாது என்பதற்குக் காரணம் யாது?
3. 4 ஜிபி நினைவகம் மட்டும் உள்ள கணினியில் எழும் இடர் யாது?

ஆ. பிரித்து எழுதுக: நினைவகம், மனந்தளர, அந்நிலை.

இ. எதிர்ச்சொல் தருக: இன்மை, பழையது, திறந்த.

ஈ. பிறவினையாக மாற்றுக: பூட்டு திறந்தது. கணினி இயங்கியது.

உ. செயல்பாடு: உங்கள் வீட்டிலோ பள்ளி ஆய்வகத்திலோ உள்ள கணினி ஒன்றை ஆசிரியர் முன்னிலையில் சோதித்து, நான்கு சோதனைகளின் முடிவுகளையும் அட்டவணையாக எழுதுக. 'இல்லை' என்று விடை வரும் இடத்தில், அதனைச் சீர்செய்யும் வழியையும் ஒரு தொடரில் குறிப்பிடுக.