மறைக்கல்விக்குப் போக மாட்டேன் என்கிறான் பேரன்

கேள்வி: நான் பெடாஸ் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவள். எங்கள் தோட்டத்துச் சிறு கோவிலுக்குச் சாமியார் மாதம் ஒருமுறைதான் வருவார். மற்ற ஞாயிறுகளில் உபதேசியார்தான் எல்லாம். மந்திரங்கள், பத்துக் கற்பனை, ஞானோபதேசக் கேள்வி பதில் அத்தனையும் மனப்பாடம். தப்பினால் ரோத்தான். இப்போது தாமானில் மகன் வீட்டில் இருக்கிறேன். பேரன் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறான். ஞாயிறு மறைக்கல்வி வகுப்பு என்றாலே வயிறு வலிக்கிறது என்கிறான். ஆனால் பூசையில் எதற்கு மணி அடிக்கிறார்கள் என்று என்னைத் துளைத்து எடுக்கிறான். அடி இல்லாததால்தான் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வேதப் படிப்பில் நாட்டம் வரவில்லையா? மனப்பாடம் வராவிட்டால் புதுநன்மை கொடுக்க மாட்டார்களா?

பதில்: மணி எதற்கு என்று கேட்கும் பையனுக்கு நாட்டம் இல்லை என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். நல்ல கேள்வி, அவனுக்கே முதலில் பதில் சொல்லிவிடுவோம். 1960களின் நடுப்பகுதி வரை பூசை இலத்தீனில் நடந்தது. சாமியார் மக்களுக்கு முதுகைக் காட்டிப் பீடத்தைப் பார்த்து நிற்பார். அப்பத்தின் மீதும் இரசத்தின் மீதும் அவர் தாழ்ந்த குரலில் சொல்லும் வார்த்தைகள் பின்வரிசைக்குக் கேட்காது. இயேசுவின் உடலையும் இரத்தத்தையும் அவர் உயர்த்திக் காட்டும் நேரம் வந்துவிட்டது, நிமிர்ந்து பாருங்கள் என்று சொல்லத்தான் மணி. இன்று பூசை தமிழில் நடக்கிறது, சாமியாரும் நம்மைப் பார்த்தே நிற்கிறார். ஆனாலும் மணி நிற்கவில்லை. அடுத்த ஞாயிறு பேரனை முன்வரிசையில் உட்கார வையுங்கள். மணி அடிக்கும் பீடச்சிறுவனை அவன் பார்க்கட்டும்.

இனி ரோத்தான். உங்கள் வாயில் மந்திரங்களை நிற்க வைத்தது அதுவாக இருக்கலாம். ஆனால் இன்றும் சாயங்காலம் நீங்கள் செபமாலையை எடுப்பது அந்தப் பயத்தினாலா? இல்லையே. அப்படியானால் நாட்டம் வேறெங்கிருந்தோ வந்திருக்கிறது.

இதற்கு நேர்மாறாகப் பேசுகிறவர்களும் உண்டு: மனப்பாடம்தான் பிள்ளைகளை விரட்டுகிறது, அதை ஒழித்தால் போதும் என்பார்கள். அதுவும் சரியில்லை. தமிழ்ப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தொடங்கிய விதத்தைப் பாருங்கள். 1542இல் முத்துக்குளித்துறைக்கு வந்த பிரான்சிஸ் சவேரியார், இரு மொழியும் அறிந்தவர்களை உட்கார வைத்து மந்திரங்களைத் தமிழில் ஆக்கிக்கொண்டார். கையில் மணியோடு தெருத் தெருவாக நடந்து பிள்ளைகளைக் கூட்டி, வரி வரியாகச் சொல்லிக்கொடுத்தார். முழுக்க முழுக்க மனப்பாடம்தான். ஆனால் அதோடு விடவில்லை. நோயாளிகளைப் பார்க்க வரச்சொல்லி ஊர் ஊராக ஆள் வந்தபோது, எல்லா வீட்டுக்கும் தன்னால் போக முடியாமல், அந்தப் பிள்ளைகளின் கையில் செபமாலையைக் கொடுத்து அனுப்பினார். அவர்கள் போய் நோயாளியின் பக்கத்தில் நின்று, படித்த மந்திரத்தைச் சொன்னார்கள். வீட்டில் அம்மா அப்பாவுக்கும் அவர்களே சொல்லிக்கொடுத்தார்கள். 1544 ஜனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய கடிதத்தில் சவேரியாரே இதை மகிழ்ச்சியோடு விவரிக்கிறார். அடுத்த ஆண்டு மலாக்காவுக்கு வந்தபோதும் அதே மணி, அதே தெரு வகுப்பு.

படித்ததைக் கொண்டு செய்வதற்கு அந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருந்தது. அது இல்லாமல் போனதுதான் உங்கள் பேரனின் வயிற்று வலிக்குக் காரணம் என்பது என் எண்ணம்.

உங்கள் தோட்டத்தை நினைத்துப் பாருங்கள். சாமியார் வராத ஞாயிறுகளில் கோவிலைக் கூட்டியது யார், பூப் பறித்து வந்தது யார், மெழுகுவர்த்தி ஏற்றியது யார்? மே மாதம் மாதா வணக்கம், அக்டோபரில் செபமாலை, திருவிழாவில் சப்பரத்துக்கு முன்னால் கொடி பிடிப்பது, கிறிஸ்துமஸில் லயத்துக்கு லயம் கேரல் பாடப் போவது. எதிலும் பிள்ளைகள் இல்லாமல் இருந்ததில்லை. உபதேசியார் வகுப்பில் சொன்னதெல்லாம், ஏற்கெனவே கையாலும் காலாலும் செய்துகொண்டிருந்தவற்றுக்கு விளக்கம். பிறகு தோட்டங்கள் துண்டாடப்பட்டன, ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, பல தோட்டங்கள் வீடமைப்புக்குப் போயின. குடும்பங்கள் தாமான்களுக்குச் சிதறின. கோவில் காரில் போகும் தூரத்துக்குப் போய்விட்டது. எஞ்சியது வகுப்பு மட்டும். செய்யாத ஒன்றுக்கு விளக்கம் கேட்டுக்கொண்டே உட்கார எட்டு ஒன்பது வயதுப் பிள்ளையால் முடியாது, பெரியவர்களாலேயே முடியாது.

ஆதித் திருச்சபைக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. நான்காம் நூற்றாண்டில் எருசலேமில், பாஸ்கா இரவில் திருமுழுக்குப் பெற்றவர்களுக்கு அந்தச் சடங்குகளின் முழு விளக்கத்தை முன்கூட்டியே சொல்ல மாட்டார்கள். அதற்கடுத்த வாரத்தில்தான் சொல்வார்கள். இதற்கு ‘மிஸ்டகோகியா’ என்று கிரேக்கத்தில் பெயர். திருச்சடங்கில் பங்கெடுத்த பிறகு அதன் உட்பொருளை விளக்குவது என்று பொருள். எருசலேம் ஆயர் சிரிலின் பெயரால் வழங்கும் இந்தப் போதனைகள் இன்றும் கிடைக்கின்றன. காதால் கேட்பதைவிடக் கண்ணால் கண்டது மனத்தில் பதியும் என்பதால்தான் இதுவரை காத்திருந்தேன் என்று அவர் தொடக்கத்திலேயே காரணமும் சொல்கிறார்.

நம் காலத்திலும் ஒருவர் இந்த வழியைக் கண்டுபிடித்தார். 1954இல் ரோமில் சோஃபியா கவல்லெத்தி என்ற பெண்மணியிடம் ஏழு வயதுச் சிறுவன் ஒருவனை மறைக்கல்விக்கு அனுப்பினார்கள். அவர் எபிரேய மொழி அறிஞர்; குழந்தைகளுக்குக் கற்பித்துப் பழக்கமில்லாதவர். இரண்டு மணி நேரம் கழித்து, வீட்டுக்குப் போகலாம் என்றதும் அந்தப் பையன் கண் கலங்கிவிட்டானாம். அது கவல்லெத்தியை யோசிக்க வைத்தது. மொண்டிசோரி ஆசிரியை ஜன்னா கோப்பியுடன் சேர்ந்து ‘நல்லாயன் மறைக்கல்வி’ என்ற முறையை உருவாக்கினார். மொண்டிசோரி முறை என்றால், பிள்ளை தன் கையால் பொருளைத் தொட்டுச் செய்து தானே கற்றுக்கொள்ள விடுவது. அதை வகுத்த மரியா மொண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கே வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். நல்லாயன் மறைக்கல்வி நடக்கும் அறையில் பிள்ளையின் உயரத்துக்கு ஒரு சிறு பீடம் இருக்கும். சிறிய கிண்ணம், தட்டு, மரத்தால் செய்த ஆயனும் ஆடுகளும் இருக்கும். பிள்ளை அவற்றை எடுத்து வைக்கும், துடைக்கும், ஆட்டை ஆயனிடம் கொண்டு சேர்க்கும். ஆசிரியர் பேசுவது கொஞ்சம்தான்.

பள்ளியில் ஏன் சொல்லித்தருவதில்லை என்று உங்கள் மகனோ மருமகளோ கேட்கலாம். நம் நாட்டில் முஸ்லிம் மாணவர்களுக்கு இஸ்லாமியக் கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறிக் கல்வியும்தான் பாடம். கத்தோலிக்க மறைக்கல்வி கோவிலையும் வீட்டையும் சேர்ந்தது. வாரத்தின் 168 மணி நேரத்தில் கோவில் வகுப்புக்குக் கிடைப்பது ஒரு மணி, மிஞ்சினால் ஒன்றரை மணி. மறைக்கல்வி ஆசிரியர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும் அந்த நேரத்தில் ஒரு வாழ்க்கை முறையை ஊட்ட முடியாது. பிள்ளைகளின் முதல் ஆசிரியர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் கிறிஸ்தவக் கல்வி பற்றிய தன் அறிக்கையில் சொன்னது. தாத்தா பாட்டி இருக்கும் வீட்டில் அந்த இடத்தின் பெரும்பங்கு அவர்களுக்கு என்று நான் துணிந்து சேர்த்துக்கொள்கிறேன்.

ஆகவே வீட்டுப் பீடத்தில் மெழுகுவர்த்தி ஏற்றும் வேலையை இன்றிலிருந்து அவனுக்குக் கொடுங்கள். நீங்கள் ஏற்றி, அவனைப் பக்கத்தில் நிற்க வைக்க வேண்டாம். செபமாலையில் ஒரு பத்து மணியை அவன் நடத்தட்டும். ஐந்து நிமிடம்கூட ஆகாது. பக்கத்து வீட்டில் யாருக்காவது உடம்புக்கு முடியவில்லை என்றால் உங்களோடு அழைத்துப் போய், சவேரியாரின் பிள்ளைகளைப் போல ஒரு மந்திரம் சொல்ல விடுங்கள். உங்கள் பங்கில் அன்பியம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் வீடு வீடாகக் கூடிச் செபிக்கும் குழு, இருந்தால் விவிலிய வாசகத்தைப் பிள்ளைகளிடம் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள். தமிழ்ப்பள்ளியில் படிக்கிற பையன் தமிழில் வாசிப்பான். பெரியவர்கள் சிலர் தடுமாறும் இடத்தில் அவன் தடுமாற மாட்டான். அந்தப் பெருமை அவனுக்கு வேண்டும்.

பள்ளி விடுமுறையில் மலாக்கா போய் வாருங்கள். உங்களுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணி நேரப் பயணம். செயின்ட் பால் குன்றின் மேல் இடிந்த கோவிலுக்குள், 1553இல் சவேரியாரின் உடல் சில மாதங்கள் இருந்த குழி இன்றும் கம்பி அடைப்புக்குள் இருக்கிறது. வெளியே நிற்கும் அவர் சிலைக்கு வலக்கை இல்லை. ஏன் என்று பேரன் கட்டாயம் கேட்பான். மரம் விழுந்து உடைந்தது என்பார்கள். அவருடைய உண்மையான வலக்கையும் உடலிலிருந்து பிரிக்கப்பட்டு ரோமில் உள்ள இயேசு சபைக் கோவிலில் இருக்கிறது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேள்விகள் வீடு வரைக்கும் ஓயாது.

கடைசியாகப் புதுநன்மை, அதாவது பிள்ளை முதல்முறையாக நற்கருணை வாங்குவது. இதற்கு உங்கள் கவலை தேவையே இல்லை. ஒரு காலத்தில் பத்து, பன்னிரண்டு, பதினான்கு வயது வரைகூடப் பிள்ளைகளைக் காக்க வைத்தார்கள். திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் 1910 ஆகஸ்ட் 8 அன்று வெளியான ஆணையால் அதை மாற்றினார். பிள்ளைக்குப் புத்தி விவரம் தெரியும் வயது, அதாவது ஏறக்குறைய ஏழு வயது, போதும் என்றார். மறையுண்மைகள் முழுவதும் தெரிந்திருக்க வேண்டியதில்லை. அடிப்படை உண்மைகளைத் தன் அளவுக்குப் புரிந்துகொண்டு, நற்கருணை அப்பத்தைச் சாதாரண அப்பத்திலிருந்து வேறுபடுத்தி அறிந்தால் போதும், மீதியைப் படிப்படியாகக் கற்கலாம் என்பது அந்த ஆணையின் சாரம். பத்துக் கற்பனையில் ஒன்று இடம் மாறினால் ஒன்றும் ஆகிவிடாது. மறைக்கல்வி ஆசிரியரை ஒருமுறை நேரில் பார்த்துப் பேசுங்கள். புதுநன்மைக்குப் பிறகு பீடச்சிறுவர் குழுவில் பேரனைச் சேர்ப்பதற்கு இப்போதே பெயர் கொடுத்து வையுங்கள். மணி அங்கேதான் இருக்கிறது.