பச்சிளங் குழந்தையின் மூக்கடைப்பும் பால் குடித்தலும்

மூக்கு உள்ளமட்டும் சளி உண்டு என்பது நம் ஊர்ப் பழமொழி. பெரியவர்களுக்குச் சளி இரண்டு நாள் தொல்லை, அவ்வளவே. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கோ அது பசியாற முடியாத பெருந்துன்பம். சென்ற மார்கழியில் இதனை எங்கள் வீட்டிலேயே கண்டேன்.

தலைப்பிரசவத்திற்கு வந்திருந்த என் அக்காளின் குழந்தைக்கு அப்போது ஆறு வாரம். மார்பில் வாய் வைக்கும். நான்கு முறை உறிஞ்சும். உடனே விட்டுவிட்டு வீறிட்டு அழும். "தாய்க்குப் பால் பத்தலை" என்றார் பக்கத்து வீட்டு அம்மாள். "மூக்கு அடைச்சிருக்கு. ரெண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டாச் சரியாப் போயிடும்" என்று பாட்டி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்துவிட்டார். விலங்கியல் மாணவியாகிய நான், "வேண்டாம் பாட்டி, முதலில் டாக்டரம்மாவைப் பார்ப்போம்" என்று தடுத்தேன். அன்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டறிந்ததையும், பின்னர் நூலகத்தில் படித்தறிந்ததையும் இங்குத் தொகுத்துரைக்க விழைகிறேன்.

முதலில் காரணத்தைக் காண்போம். பிறந்த முதற் சில மாதங்கள் குழந்தை பெரும்பாலும் மூக்கின் வழியாகவே மூச்சு விடுகிறது. அதன் குரல்வளை நம்முடையதைக் காட்டிலும் மேலே, அண்ணத்தை ஒட்டி அமைந்துள்ளது. உறிஞ்சுதல், விழுங்குதல், மூச்சு விடுதல் ஆகிய மூன்றும் பால் குடிக்கையில் மாறி மாறி நடைபெற வேண்டும். வாயோ பாலில் ஈடுபட்டிருக்கிறது. மூக்கும் அடைத்துக்கொண்டால் காற்றுக்கு வழியேது? ஆகவே மூச்சுக்காகக் குழந்தை பாலை விடுகிறது, பசியால் அழுகிறது, அழுகையால் சளி மேலும் பெருகுகிறது.

சிறிதளவு சளி இத்துணைத் துன்பம் தருவதேன்? இதற்குப் பௌதிகம் விடை கூறுகிறது. மெல்லிய குழாய்களில் திரவம் ஓடும் விதத்தை 1840களில் ஆராய்ந்து வெளியிட்டவர் புவாசெய் என்னும் பிரெஞ்சு மருத்துவர். சீரான ஓட்டத்தில், குழாயின் ஆரம் பாதியாகக் குறைந்தால் தடை இருமடங்காவதில்லை, பதினாறு மடங்காகிறது! விட்டம் 4 மில்லிமீட்டரிலிருந்து 3 ஆகக் குறைந்தாலே தடை மும்மடங்குக்கு மேற்படும். மூக்குத் துளையில் இக்கணக்கு அப்படியே பொருந்தாவிடினும், குறுகிய வழியில் சிறு அடைப்பும் பேரடைப்பாவதை இது உணர்த்தும்.

இனிச் செய்யவேண்டியது யாது? மருந்துக் கடையில் கிடைக்கும், 0.9 விழுக்காடு உப்பு கலந்த மூக்குச் சொட்டு நீரே போதும். பால் கொடுப்பதற்குப் பத்துப் பதினைந்து நிமிடம் முன்பாகக் குழந்தையை மல்லாத்தி, ஒவ்வொரு துளையிலும் ஓரிரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். இறுகிய சளி இளகித் தும்மலில் வெளிவரும். எஞ்சியதை மெல்லிய துணியால் துடைக்கலாம். ரப்பர் உறிஞ்சியைப் பயன்படுத்துவோர் குமிழை வெளியிலேயே அழுத்திக்கொண்டு, நுனியைத் துளை வாயிலில் மட்டும் வைத்துப் பையப் பிடியைத் தளர்த்த வேண்டும். அடிக்கடி உறிஞ்சினால் உட்சவ்வு வீங்கிவிடும். பால் குடித்தவுடன் இதனைச் செய்தால் குழந்தை கக்கிவிடக்கூடும். பிறகு தலையைச் சற்று நிமிர்த்திப் பிடித்து, சிறிது சிறிதாகப் பலமுறை பாலூட்டலாம். மூச்சுத் திணறும் நேரத்தில் பாலாடையால் பாலை ஊற்றுவது புரையேறச் செய்யும்.

செய்யத் தகாதவையும் உள. எண்ணெய், இருமலைக்கூடத் தூண்டாமல் நுரையீரலுக்குள் இறங்கி அழற்சியை உண்டாக்கவல்லது. வாயால் ஊதுவதும் உறிஞ்சுவதும் நம் கிருமிகளைக் குழந்தைக்குக் கொடுப்பதாகும். கற்பூரம் கலந்த தைலங்கள் இரண்டு வயதுக்குட்பட்டோருக்கு ஆகா. சாம்பிராணிப் புகை மூக்கை உறுத்தும். ஆவி பிடித்தலால் வெந்துபோகும் அபாயமுண்டு. பெரியவர்களின் மூக்கடைப்பு மருந்தை மருத்துவர் சொல்லாமல் ஒருபோதும் விடலாகாது.

எல்லா மூக்கடைப்பும் வெறும் சளியன்று. குழந்தை அமைதியாக இருக்கையில் மூச்சை ஒரு நிமிடம் முழுமையாக எண்ணுங்கள். இரண்டு மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 60 அல்லது அதற்கு மேலும், இரண்டு மாதம் முதல் ஓராண்டு வரை 50 அல்லது அதற்கு மேலும் இருந்தால் தாமதமின்றி மருத்துவரிடம் செல்ல வேண்டும். விலாவின் கீழ்ப்பகுதி உள்ளே இழுத்தல், மூக்கு விடைத்தல், முனகல், உதடு நீலம் பாரித்தல், பாலை அறவே மறுத்தல், சிறுநீர் குறைதல் ஆகியனவும் ஆபத்தின் அறிகுறிகளே. மூன்று மாதத்திற்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சலே காத்திருக்கக்கூடாத காய்ச்சலாகும்.

எங்கள் குழந்தைக்கு மருத்துவர் எண்ணியபோது 44 இருந்தது. உப்பு நீர்ச் சொட்டு மட்டுமே தந்தனுப்பினார். அன்றிரவு குழந்தை விடாமல் பால் குடித்து உறங்கிற்று. அக்காளுக்குப் பால் குறைவில்லை என்பதும் விளங்கிற்று. இப்போதெல்லாம் தெருவில் எந்தக் குழந்தை இருமினாலும், "மூச்சை எண்ணிப் பார்த்தியாடி?" என்று முதலிற் கேட்பவர் எங்கள் பாட்டிதான். வகுப்பறையில் நாம் கற்பது வீட்டுத் தொட்டிலுக்கும் பயன்படுமானால், அதனினும் சிறந்த கல்வி வேறென்ன உண்டு?