ஆங்கில மேடையில் முதல் வாக்கியம்

தமிழாசிரியர் ஒருவர் ஆங்கிலப் பேச்சைப்பற்றி எழுதப் புகுவது சிலர்க்கு நகைப்பை விளைத்தல் கூடும். ஆயினும், நம் மாணவர் ஆங்கில மேடையில் இடறும் இடம் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இல்லை. தமிழ்ப் பழக்கத்திலேயே உளது. இதனைப் பல்லாண்டு கண்டறிந்தோமாதலின் துணிந்து எழுதுகின்றோம்.

பல்கலைக்கழகத்திலும் அலுவலகத்திலும் ஆங்கிலத்தில் உரையாற்ற எழும் நம்மவர் பலர், “எனக்கு ஆங்கிலம் நன்கு வாராது, பிழை பொறுத்தருள்க” என்றே தொடங்குகின்றனர். இஃது அவையடக்கம் என்னும் மரபின் எச்சம். யாமும் இளமையில் ஆசிரியர் கூட்டமொன்றில் அங்ஙனமே தொடங்கினோம். அவையோர் பிழையைப் பொறுத்திலர், எண்ணத் தலைப்பட்டனர். சொல்லக் கொண்டுசென்ற பொருள் ஒருவர் செவியிலும் ஏறவில்லை. அன்றிரவு எமக்கு உறக்கமும் வந்திலது.

கம்பன் செய்த அவையடக்கத்தை ஊன்றி நோக்குக. பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் புகுந்த பூனைக்குத் தன்னை ஒப்பிட்டான். அதிலே பணிவு உண்டு. மறக்கவொண்ணாத காட்சி உண்டு. எடுத்துக்கொண்ட கதை எத்துணைப் பெரிது என்னும் செய்தியும் உண்டு. நாமோ பணிவை எடுத்துக்கொண்டு பூனையை விட்டுவிட்டோம்!

1863 நவம்பர் 19 ஆம் நாள் கெற்றிஸ்பேர்க் போர்க்களத்தில் எட்வேட் எவரெற் என்னும் நாவலர் இரண்டு மணி நேரம் பேசி அமர்ந்தபின் லிங்கன் எழுந்தார். அவர் பேசியது சில நிமிடமே. மன்னிப்பும் முகமனுமின்றி, 1776 இல் தம் நாடு பிறந்ததிலிருந்து சென்ற எண்பத்தேழு ஆண்டுகளை இருபது இருபதாக எண்ணித் தொடங்கினார். எல்லா மனிதரும் சமம் என்ற கொள்கையோடு பிறந்த நாடு அது என்பதும் அம்முதல் வாக்கியத்திலேயே அடங்கிற்று. போர் எதன்பொருட்டு என்பதை வேறு கூறவேண்டுமோ?

விவேகானந்தரை நம்மூர் நன்கறியும். 1897 இல் யாழ்ப்பாணத்துக்கு வந்து பேசியவர். 1893 செப்டெம்பர் 11 இல் சிக்காகோ அவையில் அவர் அஞ்சி, தம் முறையை மீண்டும் மீண்டும் தள்ளிப்போட்டார். நா வறண்டதென அவரே எழுதியுள்ளார். எனினும் அவ்வச்சத்தை அவையிற் சொல்லவில்லை. கேட்போரை உடன்பிறந்தாராக விளித்தார், கரவொலி எழுந்தது.

விளி குறுகியதாயிருத்தல் வேண்டும். “தலைவர் அவர்களே” என்று தொடங்கி ஒலிபெருக்கிக்காரர் ஈறாக அடுக்கும் நம் வழக்கம் ஆங்கிலத்திற் செல்லாது. திரையில் தெரியும் தலைப்பை உரக்கப் படிப்பதும் வீணே. முதல் வாக்கியத்தை மட்டும் மனனஞ் செய்க. முழுவதையும் மனனஞ் செய்தவன் ஒரு சொல் மறந்தால் நின்றுவிடுவான். நாவுக்கு வழங்காத சொல்லை அவ்வாக்கியத்தில் வையாதீர்கள்.

நிலத்தடி நீர்பற்றி ஆங்கிலத்திற் பேசவிருந்த மாணவனொருவன், “நான் இன்று பேச எடுத்துக்கொண்ட பொருள்” என எழுதி வந்தான். அதனை அடித்துவிட்டு, அவன் வீட்டுக் கிணற்றைப்பற்றி வினவினோம். “உவர்த்துப் போச்சு சேர், தேத்தண்ணி வைக்க ஏலாது” என்றான். அதனையே ஆங்கிலத்திற் சொல்லித் தொடங்கச் செய்தோம். உரையில் இலக்கணப் பிழை இரண்டு நேர்ந்தன. நடுவரோ, அக்கிணறு எவ்வூரிலுள்ளது, கடலிலிருந்து எவ்வளவு தூரம் என்றே வினவிக்கொண்டிருந்தனர்.