நகரத்து உயிரினங்களும் இளம் விஞ்ஞானிக்கு அளிக்கும் உதவித் தொகையும்

உயிரினங்களைப் பற்றி ஆராய விரும்புவோர் காட்டையும் மலையையும் கடலையும் நாடிச் செல்வதே நெடுங்கால வழக்கம். நகரம் மனிதனின் இருப்பிடம். அங்கே காக்கையும் எலியும் தவிர ஆராயத்தக்கது எதுவுமில்லை என்ற எண்ணம் விஞ்ஞானிகளிடையேயும் நிலவி வந்தது. ஆனால் 2011ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கின்படி இந்தியாவின் நகரங்களில் வாழ்ந்தோர் சுமார் 37.7 கோடிப் பேர். அதாவது நூற்றுக்கு முப்பத்தொருவர். இவர்களுடைய குடிநீரும், காற்றும், கோடையில் கிடைக்கும் நிழலும் நகரத்துக்குள் எஞ்சியுள்ள ஏரிகளையும் மரங்களையும் பிற உயிர்களையும் பெரிதும் சார்ந்துள்ளன. ஆதலின் நகரத்து இயற்கையை ஆராய்வது இன்று இன்றியமையாத பணியாகிவிட்டது. அப்பணியில் ஈடுபடும் இளம் ஆராய்ச்சியாளருக்கு நிதி எவ்வாறு கிடைக்கிறது, அது போதுமான வகையில் அமைந்துள்ளதா என்பனவும் ஆராய வேண்டிய கேள்விகளே.

நகரச் சூழலியல் என்பது யாது?

நகரம் தனக்கென ஒரு தட்பவெப்ப நிலையை உண்டாக்கிக்கொள்கிறது. கட்டடங்களும் தார்ச்சாலைகளும் பகலில் வெப்பத்தை உட்கொண்டு இரவில் வெளிவிடுகின்றன. மழைநீர் மண்ணில் ஊறாமல் சாக்கடை வழியே ஓடிவிடுகிறது. இரவு முழுதும் விளக்கொளி, இடைவிடாத ஓசை, தெருவில் குவியும் உணவுக் கழிவு ஆகியவை சில பிராணிகளைப் பெருக்குகின்றன. வேறு சிலவற்றை அழிக்கின்றன. எவ்வுயிர் நிலைக்கும், எது மறையும், அதனால் மனிதருக்கு விளையும் நன்மை தீமைகள் யாவை என்று ஆராய்வதே நகரச் சூழலியல்.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் பெர்லின் நகரில் குண்டுவீச்சால் இடிந்துகிடந்த மனைகளில் முளைத்த செடிகளைத் தாவர இயல் அறிஞர்கள் கணக்கெடுத்தனர். அது இத்துறையின் தொடக்க முயற்சிகளுள் ஒன்று. அமெரிக்காவில் தேசிய விஞ்ஞான நிறுவனம் 1997இல் பால்டிமோர், பீனிக்ஸ் என்னும் இரு நகரங்களை நெடுங்கால ஆராய்ச்சிக் களங்களாகத் தேர்ந்தெடுத்து, இருபது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து நிதி அளித்து வந்தது.

சிறு செலவு, பெரும் பயன்

இந்திய நகரங்களிலும் இவ்வாராய்ச்சி பயன் தந்துள்ளமைக்குச் சான்றுகள் உண்டு. பெங்களூரில் மரங்கள் உள்ள சாலைப் பகுதிகளையும் இல்லாத பகுதிகளையும் ஒப்பிட்டு அளந்த முடிவுகள் 2013இல் வெளியாயின. பிற்பகலில் மர நிழலில் காற்றின் உஷ்ணநிலை 5.6 டிகிரி சென்டிகிரேடு வரையிலும், தார்ப்பரப்பின் உஷ்ணநிலை 27.5 டிகிரி வரையிலும் குறைந்திருந்தது. சாலையை அகலப்படுத்த மரத்தை வெட்டும் நகராட்சி எதை இழக்கிறது என்பதை இவ்வெண்கள் ஐயமின்றிக் காட்டுகின்றன.

துறைமுக நகரான மங்களூரில் தொழிற்சாலைகள் சூழ்ந்த பகுதியில் வாழ்ந்த ஒரு சிறு தவளை, விஞ்ஞானம் அதுவரை அறியாத இனம் என்று 2018இல் கண்டறியப்பட்டது. அந்நகரின் கொங்கணிப் பெயரான 'கோடியால்' என்பதே அதன் இனப்பெயராக அமைந்தது. மக்கள் நாள்தோறும் கடந்து செல்லும் இடத்திலேயே அறியப்படாத உயிர் இருக்கக்கூடும் என்பதற்கு இது நல்ல உதாரணம்.

மும்பை நகரை ஒட்டிய சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவின் பரப்பு சுமார் 104 சதுர கிலோமீட்டர். அங்கே சிறுத்தைகள் எத்தனை என்பதை அறிய, 2015இல் முதுநிலை மாணவர் ஒருவரின் ஆய்வாகத் தானியங்கிப் புகைப்படக் கருவிகள் வைக்கப்பட்டன. மனிதரின் கைரேகையைப் போலவே சிறுத்தையின் உடற்புள்ளிகளும் ஒன்றுக்கொன்று வேறுபடும். ஒரே சிறுத்தை எத்தனை முறை படத்தில் அகப்படுகிறது என்பதைக் கொண்டு, அகப்படாதவற்றையும் சேர்த்து மொத்த எண்ணிக்கையை மதிப்பிடலாம். பூங்காவிலும் அதை அடுத்த பகுதிகளிலும் 35 சிறுத்தைகள் இனங்காணப்பட்டன. பூங்காவைச் சுற்றி அவை ஆண்டுக்குச் சுமார் 1,500 தெருநாய்களை இரையாகக் கொள்ளக்கூடும் என்றும், அதனால் நாய்க்கடி குறையக்கூடும் என்றும் 2018இல் வெளிவந்த ஒரு கட்டுரை மதிப்பிட்டது.

ஆராயாமல் செய்யும் காரியத்தின் விளைவையும் இங்கே கருதவேண்டும். மகாராஷ்டிரத்தில் ஜுன்னார் வட்டாரத்தில் மக்கள் வாழும் பகுதிகளில் சிறுத்தைகளைப் பிடித்து வேறிடங்களில் விடும் திட்டம் நடைபெற்றது. மக்களைக் காப்பதே அதன் நோக்கம். ஆனால் அதற்கு முன் ஆண்டுக்குச் சராசரி 4 ஆக இருந்த தாக்குதல்கள், திட்டம் தொடங்கிய பின் 17 ஆக உயர்ந்தன. இதனை எடுத்துக்காட்டிய ஆராய்ச்சி 2011இல் வெளியாயிற்று. அறிவு பிந்தி வந்ததற்கு மக்களே விலை கொடுத்தனர்.

நிதி வரும் வழிகள்

இளம் ஆராய்ச்சியாளரின் முதற்படி, தேசியத் தகுதித் தேர்வின் வாயிலாகக் கிடைக்கும் இளநிலை ஆராய்ச்சி உதவித் தொகை. இது 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாயாகவும், முதுநிலை உதவித் தொகை 42,000 ரூபாயாகவும் உயர்த்தப்பட்டன. டாக்டர் பட்டம் பெற்றவருக்கு விஞ்ஞான தொழில்நுட்பத் துறையின் 'இன்ஸ்பயர்' ஆசிரியத் திட்டம் ஐந்தாண்டுகளுக்கு ஆராய்ச்சிச் செலவு அளிக்கும் வகையில் அமைக்கப்பட்டது. விஞ்ஞான, பொறியியல் ஆராய்ச்சி வாரியம் புதிதாகப் பணியேற்றோருக்கு ஈராண்டுகளுக்குத் தொடக்க மானியம் வழங்கி வந்தது. 2023ஆம் ஆண்டுச் சட்டத்தால் தோன்றிய அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் அவ்வாரியத்தின் பணிகளை ஏற்றது. இந்நிறுவனம் 2024இல் அறிவித்த பிரதம மந்திரி இளம் ஆராய்ச்சியாளர் மானியத்தின் காலம் மூன்றாண்டுகள்.

இவை யாவும் எல்லா விஞ்ஞானத் துறைகளுக்கும் பொதுவானவை. ஏரியொன்றை ஆராய்பவர் தாவரம், பிராணி, நீர், நிலவுரிமை, மக்கள் வாழ்க்கை ஆகிய அனைத்தையும் ஒருங்கே ஆராய வேண்டியிருப்பதால், அவருடைய விண்ணப்பத்தை எத்துறையின் குழு பரிசீலிப்பது என்பதே சிக்கலாகிவிடுகிறது.

பொருந்தாத அளவுகோல்

இத்துறையின் தேவை ஆய்வுக்கூடத்தின் தேவையினின்று வேறுபட்டது. விலையுயர்ந்த இயந்திரங்களைவிட, பயிற்சி பெற்ற உதவியாளர்களும் பயணச் செலவும் நீண்ட காலமும் இதற்கு வேண்டும். மழை ஓராண்டு மிகும். மறு ஆண்டு பொய்க்கும். மூன்றாண்டு எண்ணிக்கையைக் கொண்டு ஓர் இனம் குறைகிறதா, ஏறி இறங்குகிறதா என்று துணிய இயலாது. மேலும் நகர நிலம் நகராட்சி, ரெயில்வே, ராணுவம், தனியார் எனப் பலரிடம் இருப்பதால், அனுமதி பெறுவதிலேயே பல மாதங்கள் கழிகின்றன. பணம் தாமதமானால் ஆய்வுக்கூடத்துச் சோதனையைப் பெரும்பாலும் பின்னர்ச் செய்துகொள்ளலாம். தவளைகள் குரலெழுப்பும் மழைக்காலம் தவறினால் ஓராண்டே தவறிவிடும். இளம் ஆராய்ச்சியாளருக்கு ஓராண்டின் இழப்பு, துறையை விட்டே விலகுவதற்கும் காரணமாகலாம்.

ஆதலின் தொகை சிறிதாயினும் காலம் நீண்டதாக மானியங்கள் அமைவது நன்று. பருவம் தொடங்கும் முன்னரே தவணை சேர்வதும், ஒருவர் சேர்த்த கணக்குகள் அடுத்தவருக்குக் கிடைக்குமாறு பாதுகாக்கப்படுவதும் அவசியம். 2002ஆம் ஆண்டின் உயிரினப் பல்வகைமைச் சட்டத்தின்படி ஒவ்வோர் உள்ளாட்சி அமைப்பும் இதற்கென ஒரு குழு அமைத்தல் வேண்டும். அக்குழுவின் கடமைகளுள் ஒன்று மக்கள் பதிவேடு தயாரித்தல். நகராட்சியின் பதிவேட்டையும் இளம் விஞ்ஞானியின் ஆராய்ச்சியையும் இணைத்தால், பதிவேடு செம்மையுறும். ஆராய்ச்சியும் ஊருக்குப் பயன்படும்.

நகரம் ஆண்டுதோறும் மாறுகிறது. தூர்க்கப்பட்ட ஏரியில் என்னென்ன உயிர்கள் இருந்தன என்பதைப் பின்னர் எந்தப் பெருந்தொகையாலும் அறிய முடியாது. ஏரி இருக்கும்போதே அதன் கரையில் நின்று எண்ணுவதற்கு ஓர் இளைஞர் வேண்டும். அவர் அடுத்த ஆண்டும் அங்கே வந்து நிற்பதற்கு உதவித் தொகை வேண்டும்.